மிஞ்சிய மணியும் நூலும்: கைவினை மூலப்பொருள்களின் இணையவழி மறுவிற்பனை

ஆரி எம்பிராய்டரி வேலையில் சமிக்கி கிராம் கணக்கில் செலவாகிறது. மொத்தக் கடையில் கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு ரவிக்கையின் கழுத்துக்கும் கைக்கும் ஒட்டும் கல் இருநூறு, முந்நூறுக்குள் முடிந்துவிடும். கடையில் கிடைக்கும் பாக்கெட்டில் பத்து குரோஸ், அதாவது 1440 கல் இருக்கும். கைவினைப் பொருள்களில் மிச்சம் பிறப்பது இந்த இரண்டு அளவுகளுக்கு நடுவில்தான். வாங்கும் அளவு பெரிது, வேலைக்கு வேண்டிய அளவு சிறிது. இடைப்பட்டது டப்பாவில் தங்கிவிடுகிறது. மறுவிற்பனை என்பது அந்தப் பெரிய அளவை மறுபடி சிறிய அளவாக்கித் தேவைப்படுபவர் கையில் சேர்க்கும் தொழில். அதில் கிடைக்கும் லாபம், பிரித்த உழைப்புக்கான கூலி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் வாங்குவது, தரம் பார்ப்பது, விலை வைப்பது, அனுப்புவது ஆகிய எல்லாவற்றுக்கும் கணக்கு கிடைத்துவிடும்.

மிச்சம் பிறக்கும் இடங்கள்

மிச்சம் எப்படிச் சேர்கிறது என்று பார்க்கத் திருவள்ளூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் வடகிழக்கில், மீஞ்சூரை ஒட்டிய ஊர் வள்ளூர். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வரையுள்ள ஊர்களைச் சென்னையோடு இணைப்பது புறநகர் ரயில். அத்திப்பட்டு புதுநகரிலோ மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ ஏறினால் சென்ட்ரலில் அல்லது கடற்கரை நிலையத்தில் இறங்கிப் பாரிமுனைக்குப் போய்விடலாம். துணிக்குக் கோடவுன் தெரு, காகிதத்துக்கும் அட்டைக்கும் ஆண்டர்சன் தெரு, மணிக்கும் பேன்சிப் பொருளுக்கும் கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று அங்கே தெருவுக்கொரு சரக்கு. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணை இழுக்கும். அடுத்த முறை வர ஒரு நாள் போய்விடும் என்ற நினைப்பும் சேர, வேண்டியதைவிட நான்கு மடங்கு வாங்கியாகிவிடுகிறது. வீட்டு மிச்சத்தின் முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் மோகம் மாறுவது. குயில்லிங் காகிதக் கம்மல், பட்டு நூல் வளையல், டெரகோட்டா நகை, ரெசின் சாவிக்கொத்து, ஆரி ரவிக்கை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. ஒன்று போய் அடுத்தது வரும்போது பழையதற்கு வாங்கிய பொருள் அப்படியே நின்றுவிடுகிறது. பயிற்சி வகுப்பு நடத்துபவர் வகுப்பை நிறுத்தும்போதும், தெருமுனை பேன்சி ஸ்டோர் மூடும்போதும் இந்த மிச்சம் மூட்டையாகவே கைமாறும்.

மூன்றாவது, தறி. பெரியபாளையம் அருகேயுள்ள ஆரணி, பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகியவை இந்த மாவட்டத்தின் நெசவு ஊர்கள். பாவு முடியும்போது தறியில் நெய்ய முடியாமல் நின்றுவிடும் கடைசி முழத்து இழைகளும், நிறம் மாறியதால் ஒதுக்கப்படும் ஊடை நூலும் நெசவாளிக்குக் கழிவு. குஞ்சம் கட்டுபவருக்கும், பட்டு நூல் வளையல் சுற்றுபவருக்கும், பொம்மை செய்பவருக்கும் அவை நேரடியான மூலப்பொருள்.

நான்காவது, தொழிற்சாலை. கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகங்களும் காக்களூர், திருமழிசை சிட்கோ பேட்டைகளும் இந்த மாவட்டத்தில் உள்ளன. பொதுவாக ஆலைகளில் அட்டை, நுரைப்பஞ்சு, ரெக்சின், அக்ரிலிக், ரப்பர் தாள் போன்றவற்றின் வெட்டுத்துண்டுகள் சேர்வது உண்டு. ஆனால் ஆலைக் கழிவைப் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் ஒருவரே மொத்தமாக எடுப்பார். சிறு விற்பனையாளருக்கு வழி அவரிடமிருந்து சரக்கு வரும் காயலான் கடைதான். ரசாயனம் பட்ட துணி, எண்ணெய்த் தகரம், பெயின்ட் டப்பா போன்றவை 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வரக்கூடியவை. எதிலிருந்து வந்தது என்று தெரியாத ஆலைத் துண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் வரக்கூடாது.

பழைய வழித்தடம்

ஒருவர் கையில் முடிந்த பொருள் இன்னொருவர் கையில் மூலப்பொருளாகத் தொடங்குவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்திரியா கோட்டையைக் கட்டி, சுற்று வட்டாரத் துணியைத் தென்கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றினார்கள்; அங்கே அந்தத் துணியைக் கொடுத்து மசாலாப் பொருள் வாங்கினார்கள். பிற்காலத்தில் ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீப்’ என்று பெயர் பெற்ற கட்டம் போட்ட கைத்தறித் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்று அழைத்தனர். வாங்கிய துணியை அப்படியே உடுத்தியதோடு அவர்கள் நிற்கவில்லை. கலபாரிப் பெண்கள் கட்டங்களிலுள்ள சில இழைகளைப் பிளேடால் வெட்டி உருவி எடுத்து, ‘பெலெட்டே பிட்டே’ என்னும் புதிய கோலத் துணியை உண்டாக்கினார்கள். தமிழக நெசவாளியின் முடிந்த சரக்கு அவர்களுக்குத் தொடக்கச் சரக்கானது.

மிச்சத்தையே முழுநேரச் சந்தையாக்கிய தமிழக ஊர் திருப்பூர். ஏற்றுமதி ஆர்டருக்குத் துணி வெட்டும்போது பழுதாகிப்போவதை ஈடுகட்டச் சில சதவீதம் கூடுதலாக வெட்டுவது வழக்கம். பழுது குறைந்தால் அந்தக் கூடுதல் மிஞ்சும். ஆர்டர் ரத்தானால் முழுவதுமே மிஞ்சும். அந்தச் சரக்கு காதர்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து நாடு முழுவதும் போகிறது. காதர்பேட்டையின் வியாபாரம் நிற்பது தரம் பிரிப்பதில்தான்: பழுதற்றது, சிறு பழுதுள்ளது, துண்டு என்று பிரித்த பிறகே ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டாகிறது.

வெளிநாடுகளில் இந்த மிச்சத்துக்கெனத் தனி நிறுவனங்களே தோன்றின. சான் பிரான்சிஸ்கோவின் ‘ஸ்கிராப்’ 1976இலும், நியூயார்க்கின் ‘மெட்டீரியல்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்’ 1978இலும் தொடங்கின. ஆலைகளும் கடைகளும் கழித்ததைப் பள்ளிகளுக்கும் கலைஞர்களுக்கும் சேர்ப்பது அவற்றின் பணி. 1943இல் தொடங்கிய அமெரிக்கக் கைவினைக் கடைத்தொடர் ‘ஜோவான்’ திவாலாகி, 2025 மே மாதத்துக்குள் தன் கடைகள் அனைத்தையும் மூடியது. கடை மூடும் விற்பனையில் துணியும் நூலும் பெரும் தள்ளுபடியில் போயின. கடைத்தொடர் மூடினாலும் தெருமுனைக் கடை மூடினாலும் நடப்பது ஒன்றே: பொருளின் பயன் குறையவில்லை, விற்கும் இடம் மட்டும் போய்விட்டது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மூட்டையாக வாங்கும் பொருளுக்கு விலை பேசுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: எவ்வளவு கெட்டிருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது, எவ்வளவு காலம் தாங்கும்.

நூலுக்குச் சோதனை எளிது. இரு கையிலும் பிடித்துச் சட்டென்று இழுத்தால் மக்கிய நூல் சத்தமில்லாமல் அறும். நல்ல நூல் விரலை அறுக்கும். சாயம் நிற்குமா என்று அறிய, நனைத்த வெள்ளைத் துணியில் நூலை வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும். எம்பிராய்டரி நூலில் நிற எண் எழுதிய காகிதப் பட்டை முக்கியம். ஆங்கர் கண்டு ஒன்று ஆறு இழையும் எட்டு மீட்டர் நீளமும் கொண்டது. பட்டை இருந்தால் அது எண்ணைச் சொல்லித் தேடி வாங்கும் பொருள்; பட்டை போய்விட்டால் வெறும் ‘சிவப்பு நூல்’. குரோஷே நூலுக்கு நிற எண் மட்டும் போதாது, சாய லாட் எண்ணும் வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு லாட் கலந்தால் பின்னிய சால்வையில் கோடு விழும்.

மணியில் நிறம் கண்ணாடியின் உள்ளேயே உள்ளதா, மேலே பூசியதா என்று பார்க்க வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்தால் பூச்சு நிறம் பெரும்பாலும் பஞ்சில் ஏறிவிடும். துளை சீராக இருக்கிறதா என்று ஊசியில் இருபது மணி கோத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜர்தோசிக்கும் ஜரிகைக்கும் ஈரம் எமன். பழவேற்காடு முதல் எண்ணூர் வரையுள்ள உப்புக்காற்றில் திறந்து வைத்த உலோகச் சுருள் சீக்கிரம் கறுக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் தவறாமல் வேண்டும்.

துணித்துண்டின் இழை வகையை நெருப்பு சொல்லிவிடும். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றம் விடும். பாலியஸ்டர் உருகிக் கறுப்புக் குண்டாக இறுகும். எபாக்ஸி ரெசின், பசை, காற்றில் இறுகும் களிமண் ஆகியவற்றுக்கு ஆயுள் உண்டு. மஞ்சளித்த ரெசினையும் உருட்டினால் வெடிக்கும் களிமண்ணையும் இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்கக்கூடாது. அவற்றை விற்பவருக்குப் பெயர்தான் கெடும். கூடை ஒயர் இதற்கு நேர் எதிர். வெயில் படாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சுக் கூடைகளுக்கு இரண்டு மூன்று நிறம் சேர்த்துத் தேவைப்படுவதால் அரைக்கட்டு ஒயருக்கும் ஆள் உண்டு.

பிரித்தல்

வாங்கிய மூட்டையை வகை, அளவு, நிறம், தரம் என்ற வரிசையில் பிரிப்பது வழக்கம். முதலில் நிறத்தில் தொடங்கினால் வேலை இரட்டிக்கும்: இரண்டு மில்லிமீட்டர் மணியும் மூன்று மில்லிமீட்டர் மணியும் ஒரே சிவப்புக் குவியலில் சேர்ந்து, மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். அளவுக்குச் சல்லடை உதவும்; நிறத்துக்குப் பகல் வெளிச்சமும் வெள்ளைத் தட்டும் வேண்டும்.

எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பதே இந்தத் தொழிலின் தீர்மானம். கலப்பு மூட்டையாகவே விற்றால் உழைப்பும் குறைவு, விலையும் குறைவு. நிறம் நிறமாகப் பிரித்தால் விலை ஏறும், நேரமும் ஏறும். இரண்டுக்கும் நடுவில் ‘ஒரு வேலைக்கு ஒரு பொட்டலம்’ என்னும் முறை உண்டு. ஒரு ரவிக்கைக்கு வேண்டிய மணி, சமிக்கி, கல், நூல் எல்லாவற்றையும் பொருத்தமான நிறத்தில் ஒரே பையில் வைப்பது. மிச்சப் பொருளில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகவே இருப்பதால் இந்த முறை அதற்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஆரி பழகுபவருக்குப் பாரிமுனைக்குப் போய் ஐந்து கிலோப் பாக்கெட் வாங்க வேண்டிய தேவையும் தீர்கிறது. பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்பும் வேலை முழுமையாக நடப்பது இங்கேதான்.

விவரிப்பும் படமும்

திரையில் வாங்குபவர் தொட்டுப் பார்க்க முடியாது. தொடுவதால் தெரியவருவதை எழுத்து சொல்ல வேண்டும்: மில்லிமீட்டரில் அளவு, கிராமில் எடை, தோராய எண்ணிக்கை, பொருள் கண்ணாடியா பிளாஸ்டிக்கா, புதியதா திறந்த பாக்கெட்டா. ‘11/0’ என்று குறிக்கப்படும் மணி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். கிராமுக்குச் சுமார் 110 மணி வரும். நாற்பது கிராம் என்று எழுதினால் புதியவருக்கு எதுவும் விளங்காது. ஏறத்தாழ 4400 மணி என்றால் எத்தனை ரவிக்கைக்குப் போதும் என்று அவரே கணக்கிட்டுக்கொள்வார். படத்தில் அளவு காட்ட நாணயத்தை வைக்கும் பழக்கம் உதவாது. ஒரு ரூபாய் நாணயமே பல அளவுகளில் வந்திருக்கிறது, அளவுகோலே சரி. சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத்தாள் மேல், மின்விளக்கை அணைத்து எடுத்த படத்தில் நிறம் நேராக விழும்.

குறையைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெட்ராஸ் கட்டம் போட்ட துணியே சாட்சி. 1958இல் அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன், பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் அந்தத் துணியை வாங்கிப் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். தனியாகக் குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் ஓடியது, புகார்கள் குவிந்தன. பிறகு விளம்பரத்தில் ‘சாயம் ஓடும் என்பதற்கு உத்தரவாதம்’ என்ற பொருளில் அதையே பெருமையாகச் சொன்னபோது துணிக்குத் தேவை பெருகியது. துணியின் இயல்பு இரண்டு முறையும் ஒன்றுதான். முதல்முறை அது மறைந்திருந்தது, இரண்டாம் முறை முன்கூட்டியே தெரிந்திருந்தது. மிச்சப் பொருள் விற்பவர் எழுத வேண்டிய ‘பாக்கெட் திறந்தது’, ‘இரண்டு லாட் கலந்தது’, ‘சாயம் ஓடும், தனியாக நனைக்கவும்’ போன்ற வரிகளின் மதிப்பும் அதுவே.

விலையும் கூலியும்

விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆறு கிலோ கலப்பு மணி 2,400 ரூபாய்க்கு வாங்கப்படுகிறது. கொண்டுவர 200 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு உடைந்தது, கறுத்தது என்று கழிகிறது. மீதி 4.8 கிலோ, நாற்பது கிராம் வீதம் 120 பாக்கெட். ஜிப் கவர் ஒன்று 1.50 ரூபாய் வீதம் 180. ஆக, ஒரு பாக்கெட்கூட விற்பதற்கு முன்பே கைவிட்டுப் போனது 2,780 ரூபாய். பாக்கெட் விலை 60; அதில் தளக் கட்டணம் 10 சதவீதம் என்று வைத்தால் 6 போகும்; நான்கு பாக்கெட் சேர்ந்த பார்சலின் வெளியுறைக்கு 8 ரூபாய் என்றால் பாக்கெட்டுக்கு 2. கையில் நிற்பது 52. தபால் செலவை வாங்குபவர் தனியாகக் கொடுக்கிறார்.

இப்படி, போட்ட பணம் திரும்ப 54 பாக்கெட் விற்க வேண்டும். அறுபது விற்றால் லாபம் 340 ரூபாய். நூறு விற்றால் 2,420. பிரிக்க 20 மணி நேரம், படத்துக்கும் விவரத்துக்கும் 4, பார்சல் கட்ட 5, பதில் சொல்லவும் அஞ்சலகம் போகவும் 6 என்று 35 மணி நேரம் ஆனால், நூறு பாக்கெட் விற்றவருக்கு மணிக்கு ஏறக்குறைய 69 ரூபாய், எட்டு மணி நேர நாளுக்கு 550 ரூபாய்க்குச் சற்று மேல். அறுபதோடு நின்றவருக்கு, பார்சல் வேலை குறைந்து 31 மணி நேரம் என்றாலும், மணிக்கு 11 ரூபாய், நாளுக்கு 88. தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள் கூலி 2025–26இல் 336 ரூபாய். ஒரே மூட்டை, ஒரே விலை. வேறுபாடு எல்லாம் பின்பாதியில்.

இந்தக் கணக்கு இரண்டு விதிகளைத் தருகிறது. ஒன்று, லாபம் கடைசிப் பாக்கெட்டுகளில் ஒளிந்திருக்கிறது. அவற்றைக் கிடப்பில் போட்டால் தொழிலே இல்லை. விற்காத நிறங்களைக் கலவைப் பொட்டலமாக்கி விலை குறைத்தாவது தீர்க்க வேண்டும். இரண்டு, வாங்கும் விலையைக் குறைப்பதைவிடப் பிரிக்கும் நேரத்தைக் குறைப்பது பெரிய ஆதாயம். ஏற்கனவே பிரித்து வைத்த மூட்டைக்கு 500 ரூபாய் கூடக் கொடுத்து 15 மணி நேரத்தை மிச்சப்படுத்தலாம். நூறு பாக்கெட் விற்றால் லாபம் 1,920 ஆகக் குறையும். ஆனால் அது 20 மணி நேரத்தில் வந்ததால் மணிக்கு 96 ரூபாயாக உயரும்.

விற்கும் தளங்கள்

தொடங்குபவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவும் இன்ஸ்டாகிராம் பக்கமும்தான் முதல் கடை. கட்டணம் இல்லை, வாங்குபவர் கேள்வி கேட்க முடியும், 2016இல் அறிமுகமான யு.பி.ஐ. வழியே அறுபது ரூபாயும் சில நொடிகளில் வந்து சேரும். குறை என்னவென்றால், தேடி வருபவர் குறைவு. தெரிந்த வட்டம் தீர்ந்ததும் விற்பனை நின்றுவிடும். பெரிய சந்தைத் தளங்களில் ஆள் அதிகம். ஆனால் கட்டணமும், திரும்பி வரும் பொருளின் செலவும் விற்பவர் தலையில். பணம் பிறகு தரும் முறையில் வாங்க மறுத்துத் திரும்பும் பார்சல், அறுபது ரூபாய்ப் பொருளின் லாபத்தை இரு வழிச் செலவிலேயே விழுங்கிவிடும்.

2005இல் தொடங்கிய எட்சி, கையால் செய்த பொருள், இருபது ஆண்டு கடந்த பழம்பொருள் ஆகியவற்றோடு கைவினை மூலப்பொருளுக்கும் தனி இடம் கொடுத்த தளம். 2022 ஏப்ரல் முதல் அதன் விற்பனைக் கட்டணம் 6.5 சதவீதம். வெளிநாட்டு விற்பனைக்கு ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் வேண்டும். அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரங்கள் சிறு ஏற்றுமதியாளருக்கு உதவுகின்றன. ஆனால் 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு இருந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியதால், மலிவான மணிப் பொட்டலத்துக்கு அந்தச் சந்தை சுருங்கிவிட்டது.

பணம் வாங்குவதில் ஓர் எச்சரிக்கை போதும்: பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைத் தட்ட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. கியூ.ஆர். குறியீட்டை அனுப்பி ‘ஸ்கேன் செய்தால் பணம் வரும்’ என்பவர் ஏமாற்றுக்காரர். ஏமாந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

அனுப்புதல்

பாக்கெட்டின் எடையைத் தபால் படிநிலையைப் பார்த்து வைக்க வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத்தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல் புதிய கட்டணம் வந்தது. படிநிலைகள் 50, 250, 500 கிராம். 250 கிராம் வரையிலான தபாலுக்கு 200 கிலோமீட்டருக்குள் 59 ரூபாய், 2000 கிலோமீட்டருக்கு மேல் 77 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. நாற்பது கிராம் பாக்கெட் ஐந்தும் உறையும் சேர்ந்து 250க்குள் அடங்கும். ஆறாவது பாக்கெட் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். ஆகவே ‘ஐந்து வரை ஒரே தபால் செலவு’ என்று எழுதினால், ஒன்று வாங்க வந்தவர் ஐந்து வாங்குவார். துணி, பஞ்சு, கூடை ஒயர் போன்ற பருத்த பொருளுக்குத் தனியார் கூரியர்கள் பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்த எடையைப் பார்ப்பார்கள். அழுத்திக் கட்டினால் அந்த அளவுக்குச் செலவு மிச்சம்.

ஸ்பிரே பெயின்ட், டர்பென்டைன், தின்னர் போன்ற தீப்பற்றும் பொருளைத் தபாலில் அனுப்பக்கூடாது. பவளமும் கடல்விசிறியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பழவேற்காட்டுக் கரையில் ஒதுங்கியது என்றாலும் விற்க முடியாது. மயிலிறகை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு.

சட்டமும் வரியும்

வீட்டில் மிஞ்சியதை ஒருமுறை விற்றுத் தீர்ப்பது வேறு. விற்பதற்கென்றே வாங்கத் தொடங்குவது வேறு. இரண்டாவது வணிகம், அதன் லாபம் வருமான வரிக் கணக்கில் வணிக வருமானம். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படும் பொது வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல். சந்தைத் தளம் வழியாக விற்பவர் எவ்வளவு சிறியவரானாலும் பதிவு கட்டாயம் என்றிருந்தது, 2023 அக்டோபர் 1 முதல் தளர்ந்தது. வரம்புக்குள் இருந்து, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர் பதிவுக்குப் பதிலாக ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும்.

‘மாநிலத்துக்குள்’ என்ற சொல் கும்மிடிப்பூண்டிக்காரருக்குக் கனமானது. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா, ஆந்திரம். பாளையங்கோட்டைக்கு அனுப்பும் மணிப் பொட்டலம் உள்மாநில விற்பனை. சைக்கிளில் போய்விடக்கூடிய தடாவுக்கு அனுப்புவது வெளிமாநில விற்பனை. வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்கத் தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு வேண்டும். கையால் செய்து முடித்த குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கு இதில் சலுகை உண்டு. அவற்றின் மூலப்பொருளான மணிக்கும் நூலுக்கும் அந்தச் சலுகை வராது.

பாக்கெட்டைப் பிரித்துச் சிறு பாக்கெட் போடுபவர் சட்டத்தின் பார்வையில் ‘பொதியாளர்’. 2011ஆம் ஆண்டின் பொதிந்த பொருள் விதிகளின்படி பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரான மாதமும் ஆண்டும், அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும். எடையால் விற்கும் பொருளில் பத்து கிராமுக்கு மேற்படாத பொட்டலத்துக்கு விலக்கு உண்டு. பிரிக்காத பாக்கெட்டை அதில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். கிடைக்காத நிறம் என்ற காரணம் செல்லாது. முறையாக வாங்கிய வணிகப் பெயருள்ள சரக்கை மறுபடி விற்க வணிகக்குறிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பொருளின் நிலையை மாற்றிவிட்டு அதே பெயரில் விற்றால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆங்கர் கண்டைப் பிரித்து அட்டையில் சுற்றி விற்பவர், எந்த நிறுவனத்தின் நூல் என்று சொல்லலாம். தன் அட்டையில் அந்த நிறுவனத்தின் சின்னத்தை அச்சிடுவது வேறு விஷயம்.

கணக்கு முடிக்கும் முறை

ஒவ்வொரு மூட்டைக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும்: வாங்கிய நாள், விலை, எடை, கழிந்தது, பாக்கெட் எண்ணிக்கை, விற்றது, செலவான நேரம். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நேரம் எழுதாத கணக்கில் எல்லா மூட்டையும் லாபமாகவே தெரியும். எழுதிப் பார்த்தால் எந்தப் பொருள் வீட்டில் அடைந்து கிடக்கிறது, எது ஓடுகிறது என்று மூன்றாவது மூட்டையிலேயே விளங்கிவிடும். விற்காதது புது மிச்சம். விற்பவர் வீட்டில் அது குவியத் தொடங்கினால், பழைய மிச்சம் இடம் மாறியதுதான் மிச்சம். ஆறு மாதம் என்று ஒரு கெடு வைத்து, அதற்குள் போகாததைக் கலவைப் பொட்டலமாக்குவதும், அதிலும் போகாததைப் பக்கத்து அங்கன்வாடிக்கோ பள்ளிக் கைவேலை வகுப்புக்கோ கொடுத்துப் பக்கத்தை மூடுவதும் நல்ல வழக்கம். பக்கத்தை மூடிய பிறகே அடுத்த மூட்டைக்கு விலை பேச வேண்டும்.